மூப்பும் நகையும் மோட்டார் வண்டியும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வரையறுக்கின்றது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இந்நான்கனுள் இளமைக்கு இடம் உண்டு, முதுமைக்கு இல்லை. மூப்பினைத் தொல்காப்பியர் வேறோரிடத்தில் வைத்துள்ளார். பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றுடன் சேர்த்து அதனை இளிவரலுக்கு நிலைக்களன் ஆக்கினார். குழந்தையின் தள்ளாடும் நடை காண்போர்க்கு நகை விளைக்கும். அதே தள்ளாட்டம் முதியவரிடத்துத் தோன்றுமாயின் காண்போரின் முகம் சுருங்கும். இலக்கண ஆசிரியர் உலகியலைக் கூர்ந்து நோக்கியே இவ்வாறு வகுத்தார் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நாளாந்த வாழ்வில் முதுமையைப் பற்றிய பகிடிகளுக்குக் குறைவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெங்கும் அதனைத் தேடுபவர், தலைமயிருக்கு மை பூசி மீசைக்குப் பூச மறந்தவர், பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்ல முயன்று குடும்பத்திலுள்ள எல்லாரின் பெயரையும் சொல்லி முடிப்பவர் எனப் பகிடிக்குரிய முதியோர் பலர். இளிவரலுக்குரிய மூப்பு எந்த வழியால் நகையின் பக்கம் வந்து சேர்ந்தது? எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. நகைப்பவர் யார், நகைக்கப்படுபவர் யார் என்னும் இவ்வேறுபாடே விடையைத் தேடுவதற்கான திறவுகோல் ஆகும். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஒருவரையும் அந்நாட்டின் மோட்டார் வண்டி நிறுவனங்கள் சிலவற்றையும் முன்வைத்து இதனை நோக்குவது பயனுடையது.

ஜக் பெனி 1894ஆம் ஆண்டு சிக்காகோவிற் பிறந்து, இலினோய் மாநிலத்து வோகீகன் என்னும் சிறுநகரில் வளர்ந்தவர். 1932இல் வானொலியில் தமது நிகழ்ச்சியைத் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சியிலும் 1965 வரை அதனை நடத்தினார். நிகழ்ச்சியில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் ஜக் பெனியே. ஆனால் அப்பாத்திரம் பெருங் கருமி. வயலின் வாசிக்கத் தெரியாதிருந்தும் வாசித்தே தீருபவர். தம் அழகில் அளவற்ற நம்பிக்கை உடையவர். இவற்றுக்கு மேலாக இரண்டு பகிடிகள் அவரது பெயருடன் பிரிக்க முடியாதவாறு இணைந்துவிட்டன. ஒன்று, அவருக்கு வயது எப்பொழுதும் 39 என்பது. மற்றொன்று, அவர் ஏறிச் செல்லும் மக்ஸ்வெல் என்னும் பழைய கார்.

முப்பதுகளின் பிற்பகுதியில் மெல்ல மெல்ல நகர்ந்த அவரது வானொலி வயது 39ஐ எட்டியதும் அசையாது நின்றுவிட்டது. தொலைக்காட்சித் தொடர் முடிவுற்றபோது அவரது மெய்யான வயது 71. நிகழ்ச்சியின் கணக்கில் அப்பொழுதும் 39 தான். கேட்போர் எவரும் இதனை நம்பவில்லை. நம்பவேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்பவரும் கேட்பவரும் அப்பொய்யில் சமபங்காளிகள். அங்கு நகைக்கப்படுவது முதுமையன்று. முதுமையை மறைக்க முயலும் வீண் பெருமையே. தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் எள்ளலும் பேதைமையும் அங்கு வேலை செய்கின்றன. மூப்பு தன் இடத்திலேயே நிற்க, நகை அதன் அருகிலுள்ள பேதைமையைப் பற்றிக்கொள்கின்றது.

மக்ஸ்வெல் காரின் பங்கு இங்குதான் விளங்குகின்றது. அதன் இரைச்சலை மெல் பிளாங்க் என்னும் குரல் நடிகர் தம் தொண்டையாலேயே எழுப்புவார். கார் இருமும், தும்மும், மூச்சு வாங்கும், புறப்படுவதுபோற் போக்குக் காட்டி அடங்கிவிடும். எடி அன்டர்சன் நடித்த ரொச்செஸ்ரர் என்னும் பணியாளர் அக்காரோடு மல்லுக்கட்டுவார். எசமானோ புதிய காருக்குப் பணம் செலவிட மாட்டார். மனிதர் மறைத்த வயதைக் கார் மறைக்கவில்லை. முதிய உடலின் தளர்ச்சி முழுவதையும் அக்கார் ஏற்றுக்கொண்டமையால், கேட்போர் ஒரு மனிதரின் உடலை இகழாமலே முதுமையைக் கண்டு சிரிக்க முடிந்தது. மெய்யான ஜக் பெனி கருமியுமல்லர். இசைக்குழுக்களுக்கு நிதி திரட்டும் கச்சேரிகளிற் பங்குகொண்டு பெருந்தொகை ஈட்டிக் கொடுத்தவர். பகிடிக்கும் மனிதருக்கும் இடையே இருந்த இந்தத் தூரமும் சிரிப்புக்குத் துணை செய்தது.

மக்ஸ்வெல் என்பது கற்பனைப் பெயரன்று. ஜொனதன் மக்ஸ்வெல், பெஞ்சமின் பிறிஸ்கோ ஆகிய இருவரும் 1904இல் நிறுவிய கம்பனியின் கார் அது. 1909இல் அலிஸ் ராம்சே என்னும் 22 வயதுப் பெண், தோழியர் மூவருடன், நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாளில் ஓட்டிச் சென்றது மக்ஸ்வெல் காரையே. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து கார் ஓட்டிய முதற் பெண் என்ற பெருமை அவருக்கு உரியது. தெருக்கள் சேறும் பள்ளமுமாக இருந்த அக்காலத்தில் மக்ஸ்வெல் உறுதிக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அக்கம்பனி பல கம்பனிகளைச் சேர்த்த பெருங்கூட்டு ஒன்றினுள் இணைந்தது. அக்கூட்டு 1912இல் வீழ்ந்தது. மக்ஸ்வெல் மட்டும் புனரமைக்கப்பட்டுப் பிழைத்தது. முதலாம் உலகப் போரை அடுத்துவந்த பொருளாதார மந்தத்தில் அதன் கடன் பெருகிற்று; விற்பனையாகாத கார்கள் குவிந்தன; பின்னச்சின் குறைபாட்டால் அதன் நற்பெயரும் கெட்டது. கடன் கொடுத்த வங்கிகள் வோல்ற்றர் கிறைஸ்லர் என்பவரை அழைத்துவந்தன. அவர் குறையைத் திருத்தி, 'நல்ல மக்ஸ்வெல்' என்ற பெயரோடு குறைந்த இலாபத்தில் அவற்றை விற்றுத் தீர்த்தார். 1924இல் தம் பெயரில் புதிய காரொன்றை வெளியிட்டார். 1925இல் கிறைஸ்லர் கூட்டுத்தாபனம் தோன்றியது. மக்ஸ்வெல் என்னும் பெயர் மறைந்தது.

1930களின் பிற்பகுதியில் ஜக் பெனியின் நிகழ்ச்சியில் மக்ஸ்வெல் இருமத் தொடங்கியபோது, அதனைச் செய்த கம்பனி இல்லாதொழிந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. இதனை மனங்கொள்ளல் வேண்டும். அப்பகிடியால் எந்தத் தொழிற்சாலையின் விற்பனையும் குறையவில்லை. எந்தத் தொழிலாளியின் வேலையும் போகவில்லை. இறந்துபோன பெயரொன்றினைப் பற்றிய பகிடியாதலால் அது எவரையும் நோகச் செய்யாததாயிற்று. உயிரோடிருந்து தளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் கதை வேறு.

இந்தியானா மாநிலத்தின் சௌத் பென்ட் நகரில் 1852இல் ஒரு கொல்லன் பட்டறையாகத் தொடங்கியது ஸ்ருடிபேக்கர். குதிரை வண்டி செய்து பெயர் பெற்று, 1902இல் மின்சாரக் காரும் பின்னர்ப் பெற்றோல் காரும் செய்தது. 1933இல் முறிவடைந்தும் மீண்டெழுந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், ஏனைய கம்பனிகளை முந்திக்கொண்டு முற்றிலும் புதிய தோற்றமுடைய கார்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றின் பின்புறக் கண்ணாடி இருபுறமும் வளைந்து அகன்றிருந்தமையால், கார் வருகின்றதா போகின்றதா என்று தெரியவில்லை என மக்கள் பகிடி பண்ணினர். அன்று அது புதுமையைக் கண்ட வியப்பிற் பிறந்த பகிடி. நிறுவனம் நல்ல நிலையில் இருந்தமையால் அதனாற் கேடில்லை. பத்தாண்டு கழிந்தபின் அதே கேள்வியை நிறுவனத்தைப் பார்த்தே கேட்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

அதற்கான காரணம் மோட்டார்த் தொழிலின் இயல்பிலேயே உள்ளது. காரின் உடற்பகுதித் தகடுகளை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைச் செய்வதற்கு ஆகும் செலவு, பத்து இலட்சம் கார் செய்தாலும் ஓர் இலட்சம் கார் செய்தாலும் ஏறத்தாழ ஒன்றே. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றுவது ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற பெரிய கம்பனிக்கு எளிது; அச்செலவு எண்ணிறந்த கார்களிற் பங்கிடப்படும். சிறிய கம்பனிக்கு அது தாங்கொணாச் சுமை. 1953இலும் 1954இலும் போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் ஆகிய இரண்டும் விலையிற் போட்டியிட்டபோது இடையில் நசுங்கியவை சிறிய நிறுவனங்களே. ஸ்ருடிபேக்கர் 1954இல் பக்கார்ட் கம்பனியுடன் இணைந்தது. தளர்ந்த இருவர் ஒருவரையொருவர் தாங்க முயன்ற கதையாக அது முடிந்தது. 1959இல் வெளிவந்த லார்க் என்னும் கார் சில காலம் நன்கு விற்பனையாயிற்று. ஆனால் அதன் உட்கூடு 1953இன் கார்களுக்குரியது. முன்னும் பின்னும் குறுக்கிப் புதிய முகம் வைத்திருந்தனர். நரைக்கு மை பூசியவரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடு பெரிதன்று. 1963 டிசம்பரில் சௌத் பென்ட் தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. கனடாவில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1966இல் நின்றது.

தொழிற்சாலையுடன் அதன் ஓய்வூதிய நிதியும் வீழ்ந்தது. அந்நிதி கொடுத்த வாக்குறுதிகளுக்கும் அதன் கையிருப்புக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. தொழிற்சங்கத்துடன் செய்த உடன்படிக்கைகளில் ஓய்வூதியம் பலமுறை உயர்த்தப்பட்டது. அன்றைய சம்பளத்தைக் கூட்டுவதிலும் பிற்காலத்துக்கு வாக்களிப்பது கைப்பணம் குறைந்த கம்பனிக்கு எளிதாக இருந்தது. உயர்த்திய தொகைக்கான முதலைப் பல ஆண்டுகளிற் சிறுகச் சிறுகச் செலுத்தலாம் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டுகள் வாய்க்கவில்லை. தொழிலாளர் தம் முதுமையைக் கம்பனியின் ஆயுளை நம்பி அடகு வைத்திருந்தனர் எனலாம்.

1964இல் நிதி பங்கிடப்பட்ட முறை இது: 60 வயதை எட்டியிருந்தோர்க்கும் முன்னரே ஓய்வு பெற்றோர்க்கும், ஏறத்தாழ 3,600 பேருக்கு, முழு ஓய்வூதியம் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையான, 10 ஆண்டுச் சேவையை நிறைவு செய்த, ஏறத்தாழ 4,000 பேருக்கு உரிய பெறுமதியில் 15 வீதம் மட்டும் கொடுக்கப்பட்டது. இவர்களின் சராசரி வயது 52. சராசரிச் சேவைக்காலம் 23 ஆண்டு. 40 வயதை எட்டாதோர்க்கு, அவர்கள் எத்தனை ஆண்டு உழைத்திருப்பினும், எதுவுமே இல்லை.

ஜக் பெனி பகிடிக்குத் தேர்ந்த எண் இங்கு வேறு பொருள் கொள்கின்றது. வானொலியில் 39 வயதுக்காரர் நாற்பதைக் கண்டு அஞ்சினார், நாடு சிரித்தது. சௌத் பென்டில் 39 வயதுத் தொழிலாளி ஒருவர் நாற்பதாக இருந்திருக்கலாகாதா என ஏங்கவேண்டியிருந்தது; 59 வயதுடையவர் ஓர் ஆண்டு முந்திப் பிறந்திருக்கலாகாதா என வருந்தவேண்டியிருந்தது. 52 வயதிலே புதிய வேலை தேடிச் சென்றவருக்கோ வயது மீண்டும் தடையாயிற்று. நாற்பதைக் கடந்தவர்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவது அக்காலத் தொழில் வழங்குநரிடையே பரவலான வழக்கம். 1967இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் வேலைவாய்ப்பில் வயது காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அச்சட்டம் முதலிற் பாதுகாப்பளித்தது 40 முதல் 65 வயது வரையானோர்க்கு. மேடையிலே பகிடியாக நின்ற எல்லைக்கோடு சட்டப் புத்தகத்திலும் இடம்பெற்றது.

இவ்விடத்தில் ஒரு பொதுக் கருத்தினைத் திருத்திக்கொள்ளுதல் அவசியமாகின்றது. தன்னைத் தானே எள்ளி நகைப்பவர் முதுமையை வென்றவர் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. ஜக் பெனி தம் வயதைப் பகிடியாக்கியபோது புகழின் உச்சியில் இருந்தார். வயது அவரது வருவாயைக் குறைக்கவில்லை, பெருக்கியது. தன்னை எள்ளும் உரிமையை அனுபவிப்பதற்குக் காலுக்குக் கீழே உறுதியான நிலம் வேண்டும். அது இல்லாதவரிடம் 'நீயும் சிரித்துவிடு' என்று கூறுவது அறிவுரையன்று. இன்னொரு வகை எள்ளலே.

நிறுவனங்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதற்கு ஸ்கோடா சான்று. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட அக்கார்கள் 1980களில் பிரித்தானியாவில் ஓயாத பகிடிக்கு இலக்காயின. பின்புறக் கண்ணாடியைச் சூடாக்கும் வசதி அக்காரில் எதற்காக? தள்ளிச் செல்பவரின் கை குளிரால் விறைக்காமல் இருப்பதற்காக. இப்பகிடியைச் சொன்னவர்களுட் பெரும்பாலோர் அக்காரில் ஏறியும் இருக்கமாட்டார்கள். சிரிப்புக்கு அஞ்சியே பலர் அதனை வாங்காது விட்டனர். 1991இல் ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் ஸ்கோடாவிற் பங்கு வாங்கி, பணமும் புதிய பொறிநுட்பமும் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டளவில், கார் திருந்திய பின்னர், ஸ்கோடா தன் மீதான இகழ்ச்சியையே பிரித்தானிய விளம்பரங்களின் பொருளாக்கியது: இவ்வளவு நல்ல கார் ஸ்கோடாவாக இருக்க முடியாது என்று மக்கள் மறுப்பதாக அவை அமைந்தன. விற்பனை உயர்ந்தது. பகிடி ஸ்கோடாவைக் காப்பாற்றியது என்று சிலர் எழுதினர். முறை அதுவன்று. முதலில் இயந்திரம் திருந்தியது. பின்னரே பகிடி உதவிற்று. ஸ்ருடிபேக்கர் 1963இல் அத்தகைய விளம்பரம் செய்திருந்தால் அது மரண அறிவித்தலாகவே வாசிக்கப்பட்டிருக்கும்.

கிறைஸ்லரும் இவ்வழியால் நடந்தே வந்தது. மக்ஸ்வெல்லை விழுங்கிப் பிறந்த அந்நிறுவனம் 1979இல் தானே முறிவின் விளிம்பை அடைந்தது. 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 150 கோடி டொலர் கடனுக்கு அரசின் உத்தரவாதம் அளித்தது. லீ அயக்கோக்காவின் தலைமையில் 1983இல் கடன் தீர்க்கப்பட்டது. 2009இல் மீண்டும் முறிவு வந்தபோது இத்தாலியின் பியற் கைகொடுத்தது. 2021 முதல் ஸ்ரெலான்ரிஸ் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் ஓர் உறுப்பாக அப்பெயர் நிலைக்கின்றது. மூப்படைந்த நிறுவனம் பிழைப்பதும் வீழ்வதும் அதன் கைவசமுள்ள முதலையும், தாங்கிப் பிடிக்கும் கையையும் பொறுத்தன என்பதை இவ்வரலாறு தெளிவாக்கும்.

நிறுவனம் வீழ்ந்த பின்னும் அதன் வண்டிகள் வாழ்வதுண்டு. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஒஸ்ரின், மொறிஸ் என்னும் பிரித்தானியக் கம்பனிகள் 1952இல் ஒன்றாகி, 1968இல் பிரிட்டிஷ் லேலண்டினுட் கரைந்து, 1975இல் அரசுடைமையாகி, பல கைகள் மாறி, இறுதி வாரிசான எம்.ஜி. றோவரின் வீழ்ச்சியோடு 2005 ஏப்ரலில் முடிவெய்தின. லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 6,000 பேர் வேலையிழந்தனர். ஆனால் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், அக்கம்பனிகளின் அரை நூற்றாண்டுப் பழமையுடைய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் மணமக்களையும் அவை ஏற்றிச் சென்றன. அவையும் இருமின, புகை கக்கின. பகிடியும் இருந்தது. ஆயின் அது காரைக் கைவிட்டவரின் பகிடியன்று. ஒவ்வொரு காலையும் அதன் மூடியைத் திறந்து திருத்தியவரின் பகிடி. பழைய எளிய இயந்திரத்தைக் கைத்திறனால் ஓட்டியோரிடத்து இளிவரலுக்கு இடமிருக்கவில்லை. தொல்காப்பியர் வகுத்த மற்றொரு மெய்ப்பாடான பெருமிதத்துக்கே இடமிருந்தது.

ஸ்ருடிபேக்கர் தொழிலாளரின் இழப்பு வீண்போகவில்லை. தொழிற்சங்கங்கள் அதனைத் தொடர்ந்து எடுத்துரைத்தன. பத்தாண்டு கடந்து, 1974 செப்டெம்பர் 2ஆம் திகதி, தனியார்துறை ஓய்வூதியங்களைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வரக் கையொப்பமிடப்பட்டது. நிறுவனம் முறிந்தாலும் ஓய்வூதியத்தை ஒரு வரம்பு வரை செலுத்தும் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அதன் கீழ் உருவாயிற்று. சௌத் பென்டில் இழந்தவர்கள் எதனையும் அதனால் திரும்பப் பெறவில்லை, பின்வந்தோரே பயனடைந்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜக் பெனி காலமானார். அவருக்கு வயது 80. அவர் வளர்ந்த வோகீகன் நகரிலே அவர் பெயரைத் தாங்கிய பாடசாலையின் விளையாட்டு அணிகளுக்கு '39கள்' என்றே பெயர் சூட்டியிருந்தனர். பதின்ம வயதுப் பிள்ளைகள் அவ்வெண்ணைப் பெயராகக் கொண்டு ஓடி விளையாடினர். மூப்பினைப் பற்றிய பகிடி இளமையின் கையிற் சேர்ந்து எவரையும் புண்படுத்தாத நகையாக நின்றது. அத்தகைய நகை எல்லா முதியோர்க்கும் வாய்க்கவேண்டுமாயின், அவர்களின் உழைப்புக்குரிய ஊதியம் முதுமையிலும் அவர்கள் கைக்கு வந்து சேர்தல் வேண்டும். மூப்போடு பிணியையும் வருத்தத்தையும் மென்மையையும் தொல்காப்பியர் சேர்த்தே வைத்தார். அம்மூன்றையும் குறைக்கும் சமூகத்தில்தான் மூப்பு மட்டும் தனித்து நின்று சிரிக்க முடியும்.